பூதத்தின் வாயில் காயல்

எங்கள் வீட்டில் கதை சொல்வதற்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. கேட்கிறவர் 'ம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும். சின்ன வயதில் அம்மா கதை சொல்லும்போது பாதித் தூக்கத்திலும் நாங்கள் 'ம்' கொட்டிக்கொண்டிருப்போம். கொட்டுவது நின்றால் அம்மா விளக்கை அணைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். பேய்க்குப் பயந்து மரத்தில் ஏறிய ராஜகுமாரன் மரத்திலேயே கிடப்பான். இப்படி நான் மரத்தில் விட்டுவந்த ராஜகுமாரர்கள் எத்தனையோ பேர், இன்னும் இறங்கியிருக்க மாட்டார்கள்.

அதனால்தான் இணைய வழிக் கதைசொல்லல் வகுப்பின் முதல் நாளே எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. நாட்டார் கதைகளையும் புராணக் கதைகளையும் வாயால் சொல்லப் பழக்கும் வகுப்பு அது. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. ஆசிரியை சென்னையிலிருந்து பேசுவார். நான் கொச்சியில், மட்டாஞ்சேரியில், எங்கள் மிளகுக் கடைக்கு மேலே இருக்கும் வீட்டில், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பேன்.

"ஒருத்தர் கதை சொல்றப்ப மத்தவங்க எல்லாரும் மியூட்ல இருக்கணும். சின்னச் சத்தம்கூட வரக் கூடாது" என்றார் ஆசிரியை.

சத்தமே வரக் கூடாதென்றால் 'ம்' யார் கொட்டுவது?

என் முறை வந்தது. "ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாரு" என்று தொடங்கினேன். நின்றேன். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். ஒன்றிலிருந்தும் ஒரு மூச்சுகூட வரவில்லை.

"கேக்குதா?" என்றேன்.

"கேக்குதும்மா, சொல்லுங்க."

"ராசாவுக்கு ஒரு மக." நின்றேன். "கேக்குதா?"

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 'நன்றாகக் கேட்கிறது சகோதரி' என்று எழுத்தில் போட்டார். எழுத்தில் 'ம்' போட்டால் அது 'ம்' ஆகுமா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கேக்கறவங்க ஆளுக்கு ஒரு 'ம்' சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டுவிட்டேன். ஆசிரியை சிரித்தார். ராசாவின் மகள் ஒன்றும் செய்யாமலே அன்றைக்கு என் நேரம் முடிந்தது.

இந்த வகுப்பில் நான் ஏன் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் கணவரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், எங்களுக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். நான் எதையும் முடித்ததில்லை என்பது மதினியின் நெடுநாள் ஆராய்ச்சி. அதற்கு அத்தாட்சிகளும் எங்கள் வீட்டிலேயே இருந்தன. உறை போட்டு மூடிய தையல் மிஷின் ஒன்று, அதற்குள் பாதி தைத்த ஜன்னல் திரை. கேக் செய்வதற்காக வாங்கி இப்போது அப்பளம் வைக்கப் பயன்படும் ஓவன் ஒன்று. கார் ஓட்டப் பழகப் போய், பழகுவதற்கான லைசென்ஸ் காலாவதியான கதை தனி. வகுப்பில் சேர்ந்த அன்றைக்கே மதினி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இதையும் நீ பாதியில விடுவ, கேட்டோ. நான் எழுதித் தர்றேன்."

விட்டது நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் திரையை நான் தைத்துக்கொண்டிருந்தபோது, 'எதுவரைக்கும் வந்துச்சு?' என்று இந்த வீட்டில் ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தால் அதை முடித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. நான் எதைச் சொன்னாலும் பாதியில் குக்கர் கூவும், போன் அடிக்கும், கீழே லாரி வந்து நிற்கும். நான் சொன்னதற்கு 'அப்புறம்?' என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. இந்த வகுப்பின் கடைசி நாளில் ஒவ்வொருவரும் தன் ஊரைப் பற்றித் தானே கட்டிய கதை ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் சொல்ல வேண்டும் என்று விதி. எனக்குச் சான்றிதழும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம். நான் தொடங்கிய ஒன்றை முடிக்க வேண்டும், அதைக் கடைசிவரை யாராவது கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வகுப்போடு கூடவே ஓடுவது லேசுப்பட்ட காரியமாக இல்லை. புதன்கிழமையானால் படிக்க வேண்டிய பக்கங்கள் வந்து விழும். அதைப் படித்துவிட்டு ஒரு கதையை நம் போக்கில் திருப்பிச் சொல்லி அனுப்ப வேண்டும். மற்றவர்கள் அனுப்பியதைக் கேட்டுக் கருத்தும் எழுத வேண்டும். நான் பள்ளிக்கூடம் போனது மலையாளத்தில். தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. படித்தால் எழுத்துக் கூட்டித்தான் வரும். இப்போது இதை எழுதுகிற தமிழ்கூட அந்த வகுப்பு உதைத்து உதைத்துச் சரிசெய்ததுதான். கருத்துகளை மலையாளத்தில் யோசித்துத் தமிழில் எழுதி முடிப்பதற்குள் அடுத்த புதன் வந்து வாசலில் நிற்கும்.

கணவர் சாப்பிட மேலே வரும் நேரத்தில் நான் கீழே கல்லாவில் உட்காருவேன். அப்போதுதான் படிப்பு. உலகத்தில் எத்தனை ஊர்க்காரர்கள், எத்தனை விதமாக உலகத்தைப் படைத்து வைத்திருக்கிறார்கள்! ஒரு ஊரில் முட்டைக்குள்ளிருந்து வந்ததாம். ஒரு ஊரில் ஆமை தூக்கிக்கொண்டு வந்ததாம். ஒரு சாமி துப்பித் துப்பியே ஒரு தீவை உண்டாக்கியிருந்தார். எங்கள் பஜாரில் வெற்றிலை போடுகிறவர்கள் வெகுகாலமாக முயன்றும் ஒரு திட்டுகூட எழும்பவில்லை. இப்படிப் படித்துக்கொண்டிருந்த மும்முரத்தில், சுக்கு கேட்டு வந்தவருக்கு மிளகைக் காட்டி, "இது கடலைக் கடைஞ்சப்ப வந்தது" என்று சொல்லிவிட்டேன். "சேச்சி, எனக்குப் போன மாசம் வந்தது போதும்" என்றார் அவர்.

இரண்டாம் வகுப்புக்குள் எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. அந்த வழி சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

என் கணவர் பேசுவது குறைவு. வீட்டில் அவர் அதிகம் சொல்லும் சொல் 'ம்'. அது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பழக்கம். மிளகு பஜாரில் வாயைத் திறந்தால் விலை. 'சரி' என்று சொல்லிவிட்டால் வியாபாரம் முடிந்தது, பின்வாங்க முடியாது. 'வேண்டாம்' என்றால் தரகர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். 'ம்' என்றால் கதவு பாதி திறந்திருக்கிறது என்று அர்த்தம். எதிராளி மேலே பேசுவார், பேசப் பேசத் தன் சரக்கின் குறையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். ஒரு மணி நேரம் போனில் 'ம்' மட்டும் சொல்லி ஒரு லாரிச் சரக்கை வாங்கக்கூடிய மனிதர் அவர்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். கேமராவுல தெரியாம இந்தப் பக்கமா உக்காந்து 'ம்' மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"ம்" என்றார்.

அன்றைக்கு என் கதை வழுக்கிக்கொண்டு போனது. அவர் மடியில் காகிதத்தை விரித்து மாதிரி மிளகைக் கொட்டி, உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிக்கொண்டே இருந்தார். சரியான இடத்தில் 'ம்' வந்து விழுந்துகொண்டே இருந்தது. நான் முடித்ததும் ஆசிரியை கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அது யாரும்மா?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர்."

"என்ன ஒரு 'ம்'! நம்ம பழைய முறையையே மறந்துட்டேன் பாருங்க. அடுத்த வாரம் எல்லாரும் ஆளுக்கு ஒரு 'ம்' கொட்டுற ஆளோட வரணும்."

வகுப்பே தலைகீழாகிவிட்டது. கோயம்புத்தூர்க்காரர் தன் மனைவியை உட்காரவைத்தார். அந்த அம்மா ஒரு 'ம்' சொல்லிவிட்டு, "அது அப்படி இல்லீங்க, அந்த நரி மொதல்லயே போயிருச்சு" என்று திருத்தத் தொடங்கி, கடைசியில் முழுக் கதையையும் தானே சொல்லி முடித்தார். துபாயில் நர்ஸாக இருக்கும் பெண் தன்னோடு தங்கியிருப்பவளைக் கூட்டிவந்தாள். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் கண்ணை விரித்து, நெஞ்சில் கை வைத்து அவள் சொன்ன 'ம்' எல்லாரையும் உருக்கிவிட்டது. எத்தனை பேர் வந்தும் எங்கள் வீட்டு 'ம்'முக்கு ஈடாகவில்லை. 'கொச்சி அண்ணனை ஒரு வாரம் கடனாகத் தருவீர்களா?' என்று யாரோ எழுதினார்கள். எனக்கு ஏறிய கர்வத்தைக் கேட்க வேண்டுமா? என்னவோ அவரை நானே செய்து வைத்ததைப் போல, "பார்க்கலாம்" என்று பதில் போட்டேன்.

கடைசி நாளுக்கான கதையைக் கட்டத் தொடங்கினேன். முதலில் அது ஜின் கதையாக இருந்தது. மதினி காதில் விழுந்துவிட்டது. "ஜின்னப் பத்தி வெளயாட்டாப் பேசக் கூடாது" என்றார். அவர் சொன்னதில் எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பயம் வந்ததால் அதைப் பூதமாக்கிவிட்டேன். பூதம் யார் வீட்டுக்கும் சொந்தமில்லை, யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கு. அதற்குள் ஒரு பூதம் வந்து குடியேறுகிறது. பசி தாங்காமல் மூட்டை மூட்டையாக மிளகைத் தின்கிறது. காரம் தலைக்கேறுகிறது. ஓடிப் போய்க் காயல் தண்ணீர் முழுவதையும் ஒரே மடக்கில் வாயில் அடக்கிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்துவிடுகிறது. விழுங்கினால் வயிறு வெடிக்கும், துப்பினால் நாக்கு எரியும். வாயை மூடிக்கொண்டு அப்படியே இருக்கிறது. தோணிகள் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன. எர்ணாகுளத்துக்குப் போன படகு நடுவழியில் நிற்கிறது. படகில் இருந்தவர்கள் இறங்கி நடக்கிறார்கள். ஊரே வந்து பூதத்தின் காலில் விழுகிறது. என்ன கேட்டாலும் பூதம் 'ம்' என்கிறது. வாயைத் திறக்காமல் சொல்லக்கூடியது அது ஒன்றுதானே. கடைசியில் கிடங்குக்காரரின் மனைவி ஒரு பாயை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். பூதத்தின் எதிரில் பாயைப் போட்டு உட்கார்ந்து, "உனக்கு ஒரு கதை சொல்றேன், கேக்கறியா?" என்கிறாள்.

இந்த இடம் வரைக்கும் வீட்டில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். கணவர் வழக்கம்போல மிளகை ஊதிக்கொண்டு 'ம்' சொல்லிக்கொண்டிருந்தார். 'ம்' சொல்கிற பூதத்தைப் பற்றி 'ம்' சொல்கிற மனிதரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கே சிரிப்பு வந்தது. சிரிப்போடு சந்தேகமும் வந்தது. இவர் கேட்கிறாரா, இல்லை பஜாரில் சொல்கிற 'ம்'மைத்தான் இங்கேயும் சொல்லிக்கொண்டிருக்கிறாரா?

குரலை மாற்றாமல் ஒரு கல்லை வீசிப் பார்த்தேன்.

"அப்ப பூதம் எந்திரிச்சு வந்து உங்க அக்காவைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு ஆலுவாவுக்குப் போயிருச்சு."

"ம்."

"போற வழியில நம்ம ஸ்கூட்டரைக் கடிச்சுத் தின்னுருச்சு."

"ம்."

எனக்குக் காது சுட்டது. "பொறவு நான் அந்தப் பூதத்தையே கல்யாணம் பண்ணிக்கிட்டேன்."

மிளகை ஒருமுறை ஊதினார். "ம்" என்றார்.

அவ்வளவுதான். நான் எழுந்துவிட்டேன். "காதைக் கடையிலயே கழட்டி வச்சிட்டு வந்துருக்கீங்க! உங்களுக்குக் கதை சொல்றதுக்கு அந்தச் செவத்துக்குச் சொல்லலாம், அதாச்சும் எதிரொலி குடுக்கும்!" என்று கத்தினேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். "ஒண்ணும் பேச வேண்டாம்" என்று நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. வெளியே பலபேர் மெச்சும் அந்த 'ம்' எனக்கு மட்டும் வெறும் சத்தம் என்று தெரிந்தால் யாருக்குத்தான் தாங்கும்? அதன்பிறகு வீட்டில் நான் கதை சொல்லவில்லை. பூதத்தையும் அந்தப் பெண்ணையும் கிடங்குக்குள் அப்படியே விட்டுவிட்டேன்.

கடைசி நாளுக்கு முந்திய வகுப்பில் எனக்கு 'ம்' கொட்ட ஆள் இல்லை. கெட்டிக்காரத்தனம் ஒன்று செய்தேன். அவர் எனக்கு அனுப்பிய குரல் செய்திகள் போனில் கிடந்தன. 'மீன் வாங்கிட்டு வாங்க' என்று நான் அனுப்பினால் 'ம்' என்று வரும். 'நாளைக்குக் கல்யாண வீடு' என்றால் 'ம்' என்று வரும். அதில் நல்லதாக ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, கதை சொல்லிக்கொண்டே மேசைக்கு அடியில் போனை அமுக்கி அமுக்கி விட்டேன். ஆசிரியை சும்மா விடவில்லை.

"கொச்சி அண்ணனுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்லையா?" என்றார். "எல்லா 'ம்'மும் ஒரே அச்சா இருக்கே. அவர் பயப்படற இடத்துல மூச்சைப் புடிச்சுக்கிட்டு இல்ல சொல்லுவார்? சோகமான இடம்னா மெல்ல இழுப்பார். நான் கவனிச்சிருக்கேன்."

'ஆமாம், மிளகு உமி மூக்கில் ஏறியிருக்கும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். போன் போட்ட 'ம்' கடைசி நாளில் செல்லாது, உயிருள்ள ஆள் வேண்டும் என்று ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கணவரிடம் போய்க் கேட்க எனக்கு மனசு வரவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரத்தில் ஓரிரு முறை, சாப்பாட்டுத் தட்டில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அந்த..." என்று தொடங்கினார். "மோர் வேணுமா?" என்று நான் மோரை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

கடைசிச் சனிக்கிழமை நல்ல மழை. கீழே சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மூட்டைகள் நனையாமல் படுதா போட அவர் ஓடிக்கொண்டிருந்தார். நான் மேலே தனியாக லேப்டாப்பைத் திறந்தபோது மதினி வந்து சேர்ந்தார். நான் பாதியில் விடுவதை நேரில் பார்க்க ஆசை போலும்.

"நான் சொல்றேன் 'ம்'. அதிலென்ன பெரிய காரியம் இருக்கு?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வேறு வழியில்லை. தொடங்கினேன். மதினியின் 'ம்' ஒரு தினுசு. 'ஓ, அப்படியா, பார்ப்போமே' என்று கேட்பதுபோல வால் தூக்கிக்கொண்டு நிற்கும். பூதம் மிளகைத் தின்றது என்றேன். "ம்ம்?" என்றார், தின்றதற்கு ரசீது கேட்பதுபோல. காயலைக் குடித்தது என்றேன். "ம்ம்ம்?" என்றார். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். படகை நிறுத்தினேன், ஊரைக் காலில் விழவைத்தேன், அந்தப் பெண்ணைப் பாயோடு கிடங்குக்குள் அனுப்பினேன். அவள் பூதத்துக்குக் கதை சொல்லத் தொடங்கினாள். பூதம் 'ம்' கொட்டிக்கொண்டு கேட்டது. கதை இறுகிக்கொண்டே போய், இதற்கு மேல் இறுக முடியாது என்கிற இடத்தில் அவள் சட்டென்று நிறுத்தினாள். பாயைச் சுருட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் மீன்காரரின் ஸ்கூட்டர் ஹார்ன் அடித்தது.

"மத்தி! மத்தியானத்து மத்தி!" என்று மதினி குதித்து எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிவிட்டார்.

நாற்காலி காலி. 'ம்' இல்லை. ஓட்டில் மழை அடித்துக்கொண்டிருந்தது. திரையில் அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன, எல்லாம் மியூட்டில். ஆசிரியையின் உதடு அசைந்தது, அவரும் மியூட்டில். எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது. அடுத்த வரி தெரியும், நூறு தடவை மனதுக்குள் சொன்ன வரிதான். வரவில்லை. இங்கேயும் பாதிதான், மதினி எழுதித் தந்தது சரிதான் என்று நினைத்தேன். வகுப்பைவிட்டு வெளியேறும் சிவப்புப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனேன்.

"அப்புறம்?"

எனக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். திரும்பினேன். படியின் மேல் தட்டில் என் கணவர் நின்றிருந்தார். தலையில் ஒரு காலிச் சாக்கு. தண்ணீர் சொட்டச் சொட்ட, வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டு கோபமாகப் பார்த்தார்.

"அப்புறம் என்னாச்சுன்னு சொல்லு" என்றார். "ரெண்டு வாரமா அந்தப் பூதம் வாயில வெள்ளத்த வச்சுக்கிட்டு உக்காந்துருக்கு. எனக்குக் கீழே ஒரு ஜோலி ஓடல. துப்புச்சா இல்லியா?"

என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷம்தான், வேறென்ன. திரும்பித் திரையைப் பார்த்து ஒரே மூச்சில் சொன்னேன்.

"அவள் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். பூதத்தால் தாங்க முடியவில்லை. 'அப்புறம்?' என்று கேட்டுவிட்டது. கேட்க வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டுமே! திறந்தது. அவ்வளவுதான், காயல் முழுவதும் கொட்டிவிட்டது. தோணிகள் எழுந்தன. படகு நகர்ந்தது. இறங்கி நடந்தவர்கள் ஓடிப் போய் ஏறிக்கொண்டார்கள். இன்றைக்கும் காயல் தண்ணீர் வாயில் பட்டால் கரிக்கிறதே, அதில் பாதி உப்பு, பாதி பூதத்தின் எச்சில்."

"ம்" என்றார் பின்னாலிருந்து. மெல்ல இழுத்துச் சொன்னார்.

திரையில் எல்லாரும் விதியை மீறி மியூட்டை எடுத்துவிட்டுக் கத்தினார்கள். பூதம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பவர் வாயிலிருந்தே வரவழைத்தது அபாரமான உத்தி என்றார் ஆசிரியை. அந்த மழைச் சத்தத்தில், அவ்வளவு நேரம் மௌனம் காத்து, சரியான நொடியில்! எத்தனை நாள் ஒத்திகை பார்த்தீர்கள் என்று கோயம்புத்தூர்க்காரர் கேட்டார்.

"கொஞ்சம் கஷ்டப்பட்டோம்" என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டேன். கதை சொல்கிறவள் எல்லா உண்மையையும் சொல்லிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

லேப்டாப்பை மூடிவிட்டுத் துண்டை எடுத்து அவரிடம் எறிந்தேன். "அப்ப நீங்க கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?"

"பின்னே?"

"உங்க அக்காவைப் பூதம் தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னேன். 'ம்'ன்னீங்க."

"நல்ல காரியந்தானே. ஆலுவா வரைக்கும் போதுமான்னு யோசிச்சிட்டு இருந்தேன்."

"ஸ்கூட்டரைத் தின்னுருச்சுன்னேன்."

"அது ஸ்டார்ட்டே ஆகறதில்ல. தின்னட்டும்."

"நான் பூதத்தைக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு சொன்னேனே!"

தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அது நடந்து எத்தனையோ வருசம் ஆச்சே. அதுக்கு நான் புதுசா என்ன சொல்ல?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் விடவில்லை. "வாயைத் தொறந்து அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா என்ன?"

"நான் வாயத் தொறந்தா நீ கதைய விட்டுட்டுச் சண்டைக்கு வந்துருவ. பொறவு கதை நின்னுபோகும்" என்றார். "அதான் 'ம்' மட்டும் சொல்றது."

துண்டை அவர் கையிலிருந்து பிடுங்கி, நானே அவர் தலையைத் துவட்டிவிட்டேன்.

மதினி மத்தியோடு படியேறி வந்தார். "என்ன, விட்டாச்சா?" என்றார்.

"முடிச்சாச்சு" என்றார் என் கணவர்.

மதினியின் முகத்தில் ஈயாடவில்லை. மீன் பையை மேசையில் வைத்தார். பிறகு தாங்காமல், "அந்தப் பொம்பள பாயச் சுருட்டினாளே, அப்புறம் என்னாச்சு?" என்றார். 'ம்' ஒழுங்காகக் கொட்டக் கற்றுக்கொண்டு வந்தால் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் அன்று மாலை முழுவதும் பேசாமல் இருந்தது.

சாயா போட்டுக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, உறை போட்ட தையல் மிஷினைப் பார்த்தார்.

"அந்த ஜன்னல் திரை" என்றார், "எதுவரைக்கும் வந்துச்சு?"

எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த கேள்வி. வந்தேவிட்டது. யா அல்லா, இனி அந்தத் திரையைத் தைக்க வேண்டும், கேக்கைச் சுட வேண்டும், காரையும் ஓட்ட வேண்டும்.

"ம்" என்றேன்.